சிவப்புக் குடையின் பின்னால்

என் மகளுக்கு ஜெர்மனியில் வேலை. சென்ற வருடம் எங்கள் இருவரையும் அங்கே அழைத்தவள், ஆற்றில் நான்கு நாட்கள் போகும் சின்னக் கப்பல் ஒன்றில் மூன்று பேருக்கும் இடம் பிடித்திருந்தாள். நான் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் தொழிற்சாலையில் தேயிலை பதப்படுத்துவதை மேற்பார்க்கும் டீமேக்கராக இருந்தவர். கப்பல் என்றதும் வயிற்றைக் கலக்கும் என்று பயந்து, கினிகத்தேனைக் கடையில் ஒரு பை புளிப்பு டொபி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். ஆற்றில் அலையே இல்லை. முதல் நாளே டொபி முழுவதையும் தின்று தீர்த்துவிட்டார்.

இரண்டாம் நாள் காலை கப்பல் ஒரு பழங்கால ஊரில் நின்றது. மகளுக்கு அன்று கணினியில் ஏதோ அலுவலகக் கூட்டம்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. வழிகாட்டிப் பொண்ணு சிவப்புக் குடை வச்சிருப்பா. அந்தக் குடைய மட்டும் விட்றாதீங்க" என்றாள்.

படித்துறையில் அந்தப் பெண் எங்களை வரிசையாக நிற்க வைத்து எண்ணினாள். "இங்கயும் பெரட்டா?" என்று கேட்டார் இவர். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கணக்கெடுப்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது. ஆளுக்கொரு கருவியைக் காதில் மாட்டிவிட்டார்கள். வழிகாட்டி முன்னால் மெதுவாகப் பேசினாலும் அது காதுக்குள் கேட்கும். இவர் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். குளிருக்குப் போட்டிருந்த கம்பளித் தொப்பிக்கு அது இடைஞ்சலாம்.

கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் போனோம். வழியில் ஒரு தேயிலைக் கடை வந்தது. கண்ணாடிக்குள் இருந்த டின் ஒன்றில் 'நுவரெலியா' என்று எங்கள் மலைநாட்டு ஊரின் பெயர் எழுதியிருந்ததுதான் வினை. இவர் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"இந்த எலைய நம்ம பக்டரியில கூட்டித் தள்ளுவோம்" என்றார்.

"வாங்க, எல்லாரும் போறாங்க."

மழை தூற ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் சிவப்புக் குடை தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடிப் போய்ப் பிடித்தோம். என் காதில் இருந்த கருவி கரகரத்து, பிறகு அடங்கிவிட்டது.

"பேச்சக் காணோமே" என்றேன்.

"அந்தப் புள்ளையும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். நீ பேசாம வா."

குடை ஒரு பேக்கரிக்குள் போனது. நாங்கள் வெளியே நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்தோம். அடுத்து ஒரு மருந்துக் கடை.

"மருந்துக் கடையும் சரித்திரமா?" என்று கேட்டேன்.

"பழைய கடையா இருக்கும். சும்மாவா கூட்டிட்டு வருவாங்க?" என்றவர், அதன் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையாட்டினார்.

பிறகு ஒரு சந்து, அதற்குள் இன்னொரு சந்து. அதன் கடைசியில் இருந்த வீட்டு வாசலில் குடை நின்றது. மடக்கியபோது உள்ளே பஞ்சு போல நரைத்த தலை. எங்கள் வழிகாட்டிக்கு முப்பது வயதுகூட இராது. அந்த அம்மா பையிலிருந்து சாவியை எடுத்தபடி திரும்பினார். பார்த்துக்கொண்டே நின்றார். எங்களை மட்டுமல்ல, எங்களுக்குப் பின்னாலும் பார்த்தார். திரும்பினேன். கப்பலில் எங்கள் பக்கத்து மேசையில் சாப்பிடும் ஆஸ்திரேலியத் தம்பதியும், கனடாவிலிருந்து வந்த அக்கா தங்கை இருவரும் வரிசையாக நின்றார்கள்.

இத்தனை காலம் ஆங்கிலம் படிப்பித்த என் வாயில் "குட் மோர்னிங்" மட்டும்தான் வந்தது. அந்த அம்மாவும் ஆங்கிலத்தில் பதிலுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். வழிகாட்டி என்று நினைத்து அவர் பின்னால் வந்துவிட்டோம் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். நீங்கள் ஏன் வந்தீர்கள் என்பது போல மற்ற நால்வரையும் பார்த்தார். ஆஸ்திரேலியர் என் வீட்டுக்காரரைக் கை காட்டி, "இவர் வழி தெரிந்தவர் மாதிரி நடந்தார். அதனால் இவர் பின்னால் வந்தோம்" என்றார்.

"என்ன சொல்றாரு?" என்று இவர் கேட்டார்.

"உங்களப் பாராட்டுறாரு."

இவர் தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னார். அந்த அம்மா கதவில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும், மழையில் நிற்க வேண்டாம், உள்ளே வந்து தேநீர் குடியுங்கள் என்றார்.

யார் போட்ட தேநீரிலும் இவர் குறை கண்டுபிடிப்பார் என்பதால் எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. நான் பயந்தபடியே ஆயிற்று. கோப்பையில் நூல் கட்டிய தேயிலைப் பை மிதந்தது.

"தண்ணி கொதிக்கவே இல்ல" என்றார் இவர் என் காதில்.

"பேசாம குடிங்க."

குடித்தார். ஆனால் தொழில் பழக்கம் விடவில்லை. தொழிற்சாலையில் ருசி பார்ப்பது போல 'ஸ்ர்ர்ர்' என்று வீடே அதிர உறிஞ்சினார். கனடா அக்காவின் கையிலிருந்த பிஸ்கட் கீழே விழுந்தது. ருசி பார்த்ததும் துப்புவதுதான் அங்கே வழக்கம்; துப்புவதற்கு இடம் தேடுகிறார் என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. நான் முறைத்த முறையில் விழுங்கிவிட்டார். பிறகு எழுந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கப்பல் தேநீர் பிடிக்காமல் ஊர்த் தேயிலையைச் சுமந்து திரிந்திருக்கிறார். எனக்கே தெரியாது. அந்த அம்மாவிடம் பொட்டலத்தைக் காட்டி, சமையலறையைக் காட்டி, தன் நெஞ்சையும் தொட்டுக் காட்டினார். அவர் சிரித்துக்கொண்டே வழி விட்டார்.

இவர் பால் சேர்க்காமல் போட்டு வந்த பிளேன் டீயை அந்த அம்மா கண்ணை மூடிக் குடித்தார். கோப்பையை மறுபடி நீட்டினார்.

புறப்படும்போது வாசல் சுவரில் கோடுகளைக் காட்டினார். ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆறு எவ்வளவு ஏறியது என்ற அடையாளமாம். ஒரு கோடு இவர் தலைக்கும் மேலே இருந்தது. கடைசிக் கோட்டைப் போட்டது இறந்துபோன தன் கணவர் என்றார். எங்கள் ஊரில் அணைக் கதவைத் திறக்கும்போது ஊதும் சைரனை இவர் வாயாலேயே ஊதிக் காட்டினார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா புரிந்துகொண்டு, சோபாவை மாடிக்குத் தூக்கும் கஷ்டத்தை நடித்துக் காட்டினார். என் ஆங்கிலம் யாருக்கும் தேவைப்படவில்லை.

அவரே குடையை விரித்து முன்னால் நடந்து எங்களைக் கப்பலுக்குக் கூட்டி வந்தார். படித்துறையில் வழிகாட்டிப் பெண் ஆறு பேர் குறைகிறார்களே என்று திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த ஆறு பேரும் இன்னொரு சிவப்புக் குடைக்குப் பின்னால் வரிசையாக வருவதைப் பார்த்து அவள் வாய் திறந்தது, மூடவில்லை.

மகள் மேல்தளத்தில் அழாக்குறையாக நின்றாள். "போன் எங்கம்மா?"

"ரூம்ல சார்ஜ்ல கெடக்கு."

"சர்ச் பாத்தீங்களா? பழைய பாலம்?"

"இல்ல."

"அப்ப என்னதான் பாத்தீங்க?"

"மருந்துக் கடை" என்றேன்.

கப்பல் நகர்ந்தது. கரையில் நின்று அந்த அம்மா கையசைத்தார். கையசைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சட்டென்று பதறினார்.

"ஐயோ, அவங்க கெட்டிலுக்குள்ள சுண்ணாம்பு மாதிரி படிஞ்சிருக்கு. வினிகர் ஊத்திக் கொதிக்க வைக்கச் சொல்லணும். சுண்ணாம்புக்கு இங்கிலீசுல என்ன?"

யோசித்தேன். அந்தச் சொல் நினைவுக்கு வந்தபோது கப்பல் ஆற்றின் வளைவைத் தாண்டிவிட்டிருந்தது.