முதல் வரி

"கொஞ்சம் வெளிய நில்லுங்க. இவுங்க சீக்கு ஒங்களுக்கு எதுக்கு?" என்று மரியகொறற்றி எங்களைத் தன் கடையிலிருந்து விரட்டிக்கொண்டிருக்கிறாள். போட்டோகொப்பி எடுக்க வந்தவர், டெலிபோன் பேச வந்தவர், ஈமெயில் பார்க்க வந்த நான், எல்லோரும் புசல்லாவைத் தூறலில் நனைய வேண்டியதுதான். உள்ளே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆள் தன் பாஸ்வேர்டை அவள் காதில் சொல்வார். பெரும்பாலும் அது வளர்த்த மாட்டின் பெயராக இருக்கும். அதை அடிக்கும்போது கையை மறைக்கக் கைலேஞ்சித் துணியை விரிப்பாள். யாருக்கு மறைக்கிறாளோ! கடையில் வேறு ஆளே இல்லை.

கண்டியில் சீனி, இருதய வருத்தக்காரருக்கென்று ஒரு தர்ம கிளினிக் இருக்கிறது. போன வருடம் அது இணையத்தில் ஒரு பக்கம் திறந்தது. நோயாளி தன் பெயரில் உள்ளே போய் உடம்புக்கு என்னவென்று எழுதினால், டொக்டர் வாசித்து மருந்தைக் கூட்டுவார், குறைப்பார், அல்லது உடனே வரச் சொல்வார். இந்த யுத்த காலத்தில் அது பெரிய காரியம். கண்டி பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, அடையாள அட்டை இல்லாத தோட்டத்து ஆட்களை இறக்கிவிடுகிறார்கள். சீனி பார்க்கப் போனவர் பொலிசில் படுத்துத் திரும்பிய கதை இங்கே எந்த லயத்து வீட்டு வரிசையிலும் உண்டு.

மரியகொறற்றிக்கு நாற்பது வயதிருக்கும். லயத்தில் பிறந்து, கன்னியாஸ்திரிமாரிடம் இங்கிலீஷ் படித்தவள். வாய் சும்மா இருக்காது. புகையிலையோடு வருகிறவரிடம், "டொக்டர்ட்ட இதையும் எழுதட்டா? எழுதட்டா?" என்று மிரட்டுவாள். ஆனால் எழுதத் தெரியாதவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதுவாள். ஒரு சொல் கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள். "அவுங்க ஒடம்பு, அவுங்க பேச்சு. நடுவுல நா யாரு?" என்பாள்.

நம் ஜனங்கள் கடிதத்தை எப்படித் தொடங்குவார்கள்? 'நான் நல்ல சுகம், உங்கள் சுகத்துக்கு ஆண்டவனை வேண்டுகிறேன்' என்றுதானே? மூச்சு இழுத்துக்கொண்டு கிடப்பவனும் அப்படித்தான் தொடங்குவான். இருதய வருத்தக்காரி ராக்கம்மாவும் ஆவணியில் அப்படித்தான் சொன்னாள். டொக்டர் ஐயா சுகம், அவர் வீட்டு நோனா சுகம், பிள்ளைகள் சுகமெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் கால் வீங்கியிருப்பதையும், படுத்தால் மூச்சு முட்டுவதையும் சொன்னாள். மரியகொறற்றி அதே வரிசையில் எழுதினாள். கிளினிக் கொம்பியூட்டரில், திறக்காத கடிதங்களின் முதல் வரி மட்டும்தான் தெரியுமாம். 'நல்ல சுகம்' என்பதைப் பார்த்த நர்ஸ், அவசரமில்லையென்று ஒதுக்கிவிட்டாள். டொக்டர் அதைத் திறந்து 'உடனே வரவும்' என்று பதில் போட்டபோது ராக்கம்மாவை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். அந்தப் பதிலை வாசித்தவளும் மரியகொறற்றிதான். கடவுளே, அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு, "மொதல்ல சீக்கச் சொல்லுங்க. சொகமெல்லாம் பெறகு" என்கிறாள். ஆட்களுக்குக் கோபம். "பெரிய மனுசன்ட்ட எடுத்த ஒடனே வீக்கம், வாந்தின்னா சொல்றது? ஒரு மரியாத வேணாமா?" என்று முறைக்கிறார்கள். முன்பென்றால் சும்மா விடுவாளா? இப்போது தலையைக் குனிந்துகொண்டு அவர்கள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறாள். எனக்கே சகிக்கவில்லை.

நேற்று ராக்கம்மாவின் புருஷன் இராமையா வந்தார். அவருக்கும் இருதய வருத்தம். எங்களை வெளியே அனுப்பக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"வாங்க மாமா. ஒடம்புக்கு என்னா?"

"ஒண்ணுமில்ல தாயி. நல்லா இருக்கேன்னு போடு. டொக்டர் ஐயா சொகத்தக் கேளு."

"வேற?"

"வேற என்னா... ரெண்டு நாளா செருப்புத்தான் காலுக்குச் சேரமாட்டேங்குது."

மரியகொறற்றி எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். அவர் முன்னால் குந்தி, பாதி மட்டும் நுழைந்திருந்த செருப்பைக் கழற்றிவிட்டு, கணுக்காலுக்கு மேல் பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பின்னும் குழி அப்படியே இருந்தது.

"எந்திரிங்க மாமா. கண்டிக்குப் போறோம்."

"எங்கிட்ட ஐடென்டி இல்லியே தாயி! எறக்கிப்புடுவானுங்க."

"எறக்கினா நானும் எறங்குறேன். எந்திரிங்க."

கடை திறந்தபடியே கிடந்தது. வெறுங்காலோடு நடந்தவரை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, வந்த கண்டி பஸ்ஸுக்கு முன்னால் நடுரோட்டில் போய் நின்றாள். மறு கையில் அவருடைய செருப்பு இருந்தது. அந்தக் கையைத்தான் பஸ்ஸை நோக்கி நீட்டினாள்.