ஐம்பது முறை தாங்கிய கறுப்புப் பொடி

நான் செய்யும் பேட்டரி ஐம்பது முறை சார்ஜ் ஏறி இறங்கும்வரை தாங்காவிட்டால் இந்தத் தலைப்பையே விட்டுவிடச் சொன்னார் என் பேராசிரியர். அப்போது எனக்கு ஆராய்ச்சியில் மூன்றாம் வருடம். லித்தியம் பேட்டரிக்கு வெள்ளீய ஆக்சைடில் ஆனோடு, அதாவது எதிர்மின்முனை, செய்வது என் வேலை. சார்ஜ் ஏறும்போது அந்த ஆக்சைடு வீங்கும், இறங்கும்போது சுருங்கும், சீக்கிரமே விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். உதிராமல் பிடித்துக்கொள்ளத்தான் கார்பன் நானோகுழாய்களைச் சேர்த்தேன். அப்படியும் பன்னிரண்டாவது முறையிலேயே படுத்துவிட்டது.

படிக்க வருமுன் முதலிபாளையம் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் லேபில் மூன்று வருடம் இருந்தேன். கல்லூரியில் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. விஞ்ஞானியாகப் போகிறவளுக்குச் சாயவாடை ஆகாது என்று அப்படியொரு கொழுப்பு.

கறுப்பான அந்த நானோகுழாய்ப் பொடி தண்ணீரில் கலக்காமல் மிதந்துகொண்டே இருந்தது. அமிலத்தில் சுத்தம் செய்தது என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்தது. சாரும் நம்பினார், நானும் நம்பி ஆறு மாதம் கலக்கிக்கொண்டே கிடந்தேன். ஒருநாள் எரிச்சலில் பொடியை வில்லையாக அழுத்தி, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சொட்டு இறங்கவே இல்லை, உருண்டையாக அப்படியே நின்றது. பட்டறையில் துணிமேல் சொட்டு இப்படி நின்றால், எண்ணெய்ப்பசை போகவில்லை, சாயம் பிடிக்காது என்று அந்த லாட் துணி முழுவதையும் திரும்ப வேகவைக்க அனுப்புவோம். என் முட்டாள்தனத்தை நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன்.

பொடியை நானே அமிலத்தில் கொதிக்க வைத்தேன். லிட்மஸ் தாள் சிவப்பது நிற்கும்வரை அலசினேன். அடுத்து விட்ட சொட்டை வில்லை நொடியில் குடித்துவிட்டது. அதன்மேல் ஆக்சைடை ஏற்றி, காசு அளவில் பேட்டரி செய்து, சோதனைக் கருவியில் மாட்டினேன். கரண்ட் போகும்போதெல்லாம் யு.பி.எஸ். தாங்குகிறதா என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். பன்னிரண்டு தாண்டியது. முப்பது தாண்டியது. ஐம்பதாவது முறை முடிந்தபோதும் திரையில் மின்கொள்ளளவுக் கோடு பெரிதாகச் சரியவில்லை. அதை அச்செடுத்து சாரிடம் கொண்டுபோய், பொடி சுத்தமில்லாததுதான் காரணம் என்றேன்.

பொடி சுத்தமில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சார் கேட்டார்.

"சாயப்பட்டறையில மூணு வருசம் இருந்தேனுங்க சார். துணி வெந்துருச்சுன்னு ஆரு சொன்னாலும், சொட்டு உட்டுப் பார்க்காம நாங்க நம்பமாட்டமுங்க."

அவர் ஆய்வேட்டில் இந்தச் சொட்டு விடுவதை முதல் சோதனையாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன், எங்கே கற்றேன் என்பதையும் எழுதியே சேர்த்தேன்.