வாஷ் பேசினில் போன தாய்ப்பால்

மழை என்று இன்று பள்ளியை மதியத்தோடு விட்டுவிட்டார்கள். கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ஜெகதளாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன்.

சமையலறையில் என் கணவர், நான் நேற்று எடுத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்த தாய்ப்பாலை வாஷ் பேசினில் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பவுடர் பால் கலக்கிய பாட்டில்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டார். "ஃபிரிட்ஜ்ல வெச்ச பாலக் குடுத்தா பாப்பாவுக்குச் சளி புடிச்சுக்கும்னு அம்மா சொன்னாங்க. நீ வருத்தப்படுவீன்னுதான் சொல்லல."

"எப்பருந்துங்க?"

"நீ திரும்ப வேலைக்குப் போனதுலருந்தே."

மற்ற டீச்சர்கள் சாப்பிடும் நேரத்தில், பள்ளியின் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு குளிரில் உட்கார்ந்து எடுத்த பால் அது. தினமும் சாயங்காலம், "பாப்பா பூராவும் குடிச்சிருச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னவர் இவர். அதைக் கேட்கத்தான் நான் ஓடி ஓடி வருவேன்.

பவுடர் பால்தான் என்று முடிவெடுத்திருந்தால், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மடியில் போட்டதும் குடிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

கதவுக்கு வெளியே நின்று, "டீ போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?