எட்டு ஓம் எடுங்க!

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுப் பழைய ஸ்பீக்கர் பெட்டியில் வூஃபர் எரிந்துபோனது. கடையில் அதே அளவில் வேறொன்று வாங்கி, நானே மாட்டினேன். கேசட் போட்ட சற்று நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் கொதித்து, எரிந்த வாடை கிளம்பியது. பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"இதெல்லாம் பொம்பளைங்க வேலையா? தூக்கிப் போட்டுடு" என்றார் கணவர்.

நான் கேட்கவில்லை. இரண்டு வூஃபரையும் கவிழ்த்து, காந்தத்தின் பின்னால் எழுதியிருந்ததைப் பார்த்தேன். மின்தடை பழையதில் எட்டு ஓம் என்றும் புதியதில் நான்கு ஓம் என்றும் இருந்தது. ஓம் குறைந்தால் மின்சாரம் கூடுதலாகப் பாயும்; அந்தச் சுமையைத்தான் ஆம்ப்ளிஃபயர் தாங்கவில்லை.

மறுநாளே கடைக்குப் போனேன்.

"சும்னே டென்ஷன் ஆகாதீங்க மேடம். சைஸ் கரெக்டா இருக்குல்ல?" என்றார் கடைக்காரர், கன்னடம் கலந்த தமிழில்.

"வீடு பத்திக்கிட்டிருந்தா சைஸா வந்து அணைக்கும்? எட்டு ஓம் எடுங்க!"

எடுத்துக் கொடுத்தார். நல்லவேளை, ஆம்ப்ளிஃபயரும் பிழைத்தது.

இப்போதெல்லாம் காந்தத்தின் பின்னால் இருப்பதைப் படித்த பிறகே வாங்குகிறேன். மாட்டுவதும் நான்தான்.