ரேடியேட்டரில் மஞ்சள் தூள்

செங்கல்வராயனுக்கு இயந்திரங்களிடம் இருந்த பொறுமையில் கால்வாசி மனிதர்களிடம் இருந்திருந்தால், முத்தாபுதுப்பேட்டையில் அவருக்குச் சிலையே வைத்திருப்பார்கள். அப்பா செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். பிள்ளை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்து, எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதையே பிழைப்பாக்கி ஓய்வும் பெற்றுவிட்டார். கம்பெனியில் கத்திய பழக்கம் வீட்டிலும் விடவில்லை. டம்ளர் உருண்டால் கத்தல், செருப்பு திரும்பிக் கிடந்தால் கத்தல். மகன் கிஷோர் கல்யாணமாகி, சொந்தமாகக் கார் வாங்கிய பிறகும், அப்பாவின் இருமல் கேட்டால் செல்போனைக் கீழே வைத்துவிடுவான்.

அந்தக் கிஷோர் போன தை மாதம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். மாரடைப்பு. முப்பத்து நான்கு வயது. நாலைந்து நாளாகவே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான் என்று பக்கத்து சீட்டுக்காரர் சாவு வீட்டில் வந்து சொன்னார். வீட்டில் அவன் வாயே திறக்கவில்லை.

மருமகள் காவ்யாவுக்கு முகப்பேரில் அம்மா வீடு. அங்கிருந்து வேலைக்குப் போவது சுலபம், குழந்தை ஜோதிகாவுக்கும் பக்கத்திலேயே ஸ்கூல். கோடை விடுமுறை முடிவதற்குள் குழந்தையோடு அங்கே போய்விடுவதாக மாமியார் நாகவல்லியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கிஷோரின் காரிலேயே சாமான்களைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. ஆனால் நடுவில் ஒருநாள் பூந்தமல்லிக்குக் காரை எடுத்துப் போனவள், இன்ஜின் சூடேறிப்போய்ப் பாதி வழியில் திரும்பி வந்தாள்.

"மாமா, கூலன்ட் ஊத்த ஊத்தக் காணாமப் போகுது. கீழ ஒரு சொட்டுகூட ஒழுகல. எங்க போகுதுன்னே தெரியல."

செங்கல்வராயன் இன்ஜின் ஆறும்வரை மூடியைத் தொடவில்லை. ஆறியதும் ரேடியேட்டரில், இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்டை நிரப்பி, அடியில் அட்டையை விரித்து, ஏசியைப் போட்டு வண்டியை ஓடவிட்டார். நன்றாகச் சூடேறி உள்ளே அழுத்தம் கூடிய பிறகுதான் தித்திப்பாக ஒரு வாடை வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். ரேடியேட்டரின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். கசிகிற கூலன்ட் அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடுகிறது. தரைக்கு எங்கே வரும்? ரேடியேட்டரை மாற்ற வேண்டியதுதான், ஒரு பகல் வேலை.

எழுந்து கையைத் துடைத்தார். வாசலில் ஜோதிகா தாத்தாவின் மொபெட்டில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்ஜினே பூட்ச்சும்மா," என்றார் காவ்யாவிடம். "உள்ள கேஸ்கட் அவுட்டு. மொத்தமா கீய எறக்கணும். நாளு புடிக்கும்."

எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறார். இயந்திரத்தைப் பற்றிப் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. பொய்யும் நன்றாகவே வேலை செய்தது. கார் தெருவில் நின்றது, பேத்தி வீட்டில் இருந்தாள். கடைக்குப் போனால் மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு வந்தாள், மத்தியானம் அவர் வயிற்றில் தலைவைத்துத் தூங்கினாள். மனிதருக்குக் கத்தவே மறந்துபோயிற்று. நாகவல்லி உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒருநாள் காவ்யாவே வந்து பேச்சை எடுத்தாள்.

"இன்ஜின் போன வண்டியை வெச்சுக்கிட்டு எதுக்கு மாமா கஷ்டப்படறீங்க? காயலான் கடைக்குப் போட்டுடலாம். ஞாயித்துக்கிழமை நாங்க கால் டாக்ஸில கிளம்பிக்கிறோம்."

செங்கல்வராயனுக்குச் சுருக்கென்றது. பேத்தியைப் பிடித்துவைக்கப் போய், மகன் ஆசை ஆசையாக வாங்கிய காரைக் காயலான் கடைக்கு அனுப்பப் பார்த்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

மறுநாளே ஆவடிக்குப் போய்ப் புது ரேடியேட்டர் வாங்கி வந்தார். பழையதை வடிக்க அடிக் குழாயைக் கழற்றினார். பச்சையாக வரவேண்டிய கூலன்ட் மஞ்சளாக, கூழாக வந்து விழுந்தது. தொட்டு முகர்ந்தார். மஞ்சள் தூள். லாரிக்காரர்கள் வழியில் செய்யும் கைவைத்தியம் அது. ஒரு பிடி போட்டால் விரிசல் அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நாள் தள்ளலாம். செங்கல்வராயனுக்கு அந்த அரைகுறை வேலையைக் கண்டாலே ஆகாது.

"நாகு! இதுல மஞ்சாத்தூளு யாரு போட்டது?"

நாகவல்லி வாசலுக்கு வந்து அந்த மஞ்சள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கிஷோர்தான்யா. தீவாளி சமயத்துல எங்கைல கேட்டு வாங்கிகினு போனான். வண்டி ஒயுகுது, நைனா கைல சொல்லாதம்மா, ஒயுங்கா வெச்சுக்கத் தெரியலன்னு கத்தும்னான்."

செங்கல்வராயன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் எவர் வீட்டுப் பம்பு கசிந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். பெற்ற பிள்ளை மட்டும் அவருக்குத் தெரியாமல் அடைத்துக்கொண்டு போயிருக்கிறான். கார் ஒழுகுகிறது என்பதையே சொல்லப் பயந்தவன், நெஞ்சு வலிக்கிறது என்று எப்படிச் சொல்லியிருப்பான்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாத மனிதர், மஞ்சள் படிந்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

காவ்யா பதறி ஓடி வந்தாள். "மாமா, என்ன ஆச்சு?"

"இன்ஜின் நல்லாத்தாம்மா கீது. ரேடியேட்டர் மட்டுந்தான் ஓட்ட. மொத நாளே தெரியும். பாப்பா பூடுமேன்னு பொய் சொல்லிட்டேன்."

காவ்யா உள்ளே போய் ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

மஞ்சள் போய்த் தண்ணீர் தெளிவாக வரும்வரை குழாய்களை அலசினார். புது ரேடியேட்டரை மாட்டி, கூலன்ட் ஊற்றி, உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும்வரை இன்ஜினை ஓடவிட்டார். திருமழிசை வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். ஒரு சொட்டு குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காவ்யா கிளம்பினாள். ஜோதிகா பின் சீட்டில் ஏறி நின்று, கார் தெருமுனை திரும்பும்வரை கையாட்டிக்கொண்டே போனாள். செங்கல்வராயன் வாசற்படியில் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். வழியில் எங்காவது சூடேறி நின்றால் காவ்யா கூப்பிடுவாள், டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம். அப்படி ஓர் ஆசை. சாமியைக்கூடக் கும்பிட்டுக்கொண்டார்.

போன் அடித்தது.

"மாமா, வந்து சேர்ந்துட்டோம். வண்டி அருமையா ஓடுச்சு."

"நல்லதும்மா," என்று வைத்துவிட்டார்.

நாகவல்லி உள்ளே இருந்து கேட்டாள். "இன்னாயா, வண்டி எங்கனா நின்னுச்சா?"

"நிக்காது நாகு," என்றார். "நான் செஞ்ச வேல. நிக்காது."