சத்தம் போடாத டிஸ்க்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஒரு மென்பொருளின் துணையோடுதான் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறேன். ஆனால் பட்டனை அழுத்தியதும் அந்தக் குரல் வந்துவிடாது. திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் அதற்காகக் காத்திருப்பதே ஒரு தனி வேலையாக இருந்தது.

காத்திருக்கும்போது ஹார்ட் டிஸ்க்கின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் விசில் மாதிரி மெல்லிய இரைச்சல் எழும்பும். பிறகு கடகடவென்று கொஞ்ச நேரம். நடுவில் ஒரு அமைதி. மறுபடியும் கடகட. இந்த இரண்டாவது கடகட ஓயும் சமயத்தில் குரல் வர வேண்டும். வராவிட்டால் சமையலறையில் இருக்கும் மனைவியைக் கூப்பிடுவேன். அவள் ஈரக் கையோடு வந்து பார்ப்பாள்.

"வட்டம் சுத்திக்கினு இருக்குங்க. இன்னும் வரல."

"வேற ஒண்ணும் போடலியா?"

"ஒண்ணும் போடல. தெனம் இதே பேஜாருதான் இதோட."

ஒலக்கூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அங்கே கெட்டுப்போன ஒரு ஹார்ட் டிஸ்க்கை ஒருமுறை திருப்புளி வைத்துத் திறந்து தடவிப் பார்த்திருக்கிறேன். உள்ளே கண்ணாடி போல வழவழவென்று ஒரு வட்டத் தட்டு, அதன் மேல் நீண்டிருக்கும் மெல்லிய கை. இசைத்தட்டின் ஊசி மாதிரி என்று உடனே புரிந்தது. அந்தக் கை அங்குமிங்கும் ஓடித் தேடுகிற சத்தம்தான் நான் கேட்கும் கடகட.

அதனால் இரண்டாயிரத்துப் பதினாறு, பதினேழு வாக்கில் எஸ்எஸ்டி என்று ஒன்று வந்திருப்பதாகவும், அதில் சுற்றுவதற்கு எதுவுமே கிடையாது என்றும் கேள்விப்பட்டபோது, வேகத்தைவிட எனக்கு வேறொரு விஷயம்தான் மனதில் ஓடியது. எதுவும் அசையாமல் அது எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது? எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரைக் கேட்டேன்.

"சின்னச் சின்ன அறையா இருக்கும் சார். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கரண்ட்ட புடிச்சி வெச்சிக்கும்."

"கரண்ட்ட நிறுத்தினாலும்?"

"நிறுத்தினாலும் வெளிய போவாது."

"எத்தினி நாளைக்கி?"

"அது தெரியாது சார். நீங்க கேக்கற கேள்வியெல்லாம் பி.எஸ்சி.ல எங்களுக்கு வர்ல."

விழுப்புரத்தில் கல்வி அலுவலகத்தில் ஒரு வேலை இருந்தது. மனைவியும் கூட வந்தாள். வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னிடம் பேசவில்லை.

"சாருக்கு எவ்ளோ ஜிபி வேணும்னு கேளுங்கக்கா."

"வாங்கறது அவருதாங்க. அவருகிட்டயே கேளுங்க" என்றாள் மனைவி.

அதன்பிறகு அவர் என்னிடமே பேசினார். மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று விலை கூடியது. ஒன்று நடுத்தரம். மூன்றாவது மலிவு. மனைவி ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் படித்தாள். மூன்றிலும் வேகம் என்று ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் போட்டிருந்தார்கள். மலிவான பெட்டியில் தயாரித்தவரின் முகவரியே இல்லை என்றாள்.

"வேகம் எல்லாத்துலயும் ஒண்ணுன்னா வெல எதுக்கு வேற வேறயா இருக்குது?" என்று கேட்டேன்.

"கம்பெனி பேரு சார். பேருக்குத்தான் காசு."

பெட்டியிலிருந்து வெளியே எடுத்திருந்த ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சீட்டுக்கட்டைவிட மெலிசு. எடையே இல்லை. காதருகே வைத்து ஆட்டினேன். ஒரு சத்தமும் இல்லை.

"உள்ள இன்னாவது இருக்குதா இல்லியா?"

கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் இதத்தான் சார் கேக்கறாங்க."

அன்று எதையும் வாங்கவில்லை. பேருக்குத்தான் காசு என்ற பதில் எனக்குப் போதவில்லை. அந்த வாரம் முழுக்க மாலை வேளைகளில் இணையத்தில் அதைப் பற்றி எழுதியிருந்ததையே கேட்டுக்கொண்டிருந்தேன். என் மென்பொருள் ஆங்கிலக் கட்டுரைகளைத் தனக்கே உரிய ஒரு மாதிரியான உச்சரிப்பில் வாசித்தது. எழுத எழுத அந்த அறைகள் தேயும், படிப்பதால் அவ்வளவாகத் தேயாது என்று தெரிந்தது. நான் எழுதுவதைவிடக் கேட்பதுதான் அதிகம். நிம்மதியாக இருந்தது.

விலை குறைந்தவற்றில் ஒரே அறைக்குள் அதிகமான தகவலைத் திணிக்கிறார்கள் என்ற இடத்தில் கொஞ்சம் தடுமாறினேன். பிறகு என் காப்பி டம்ளரை வைத்து அதைப் புரிந்துகொண்டேன். நான் காப்பி ஊற்றும்போது விளிம்பில் ஒரு விரலை வைத்து அளவு பார்ப்பேன். டம்ளர் காலியா நிறைந்ததா என்று சொல்வது சுலபம். அதே டம்ளரில் எட்டு அளவுகளைப் பிரித்துச் சொல் என்றால் நிதானமாகத் தடவித்தான் சொல்ல முடியும், தப்பும் வரும். மலிவான டிஸ்க் அப்படி எட்டு அளவு பார்க்கிறது. மெதுவாகவும் ஆகும், சீக்கிரம் தேயவும் செய்யும். ஆனாலும் வீட்டு உபயோகத்துக்குப் பல வருஷம் தாங்கும் என்றே எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் பழைய கம்ப்யூட்டரால் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் பாதியைத்தான் வாங்கிக்கொள்ள முடியும். விலை கூடியதை வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. மேலும், கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது படிப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை. தட்டின் மேல் கை ஓடித் தேட வேண்டியதில்லை என்பதே பெரிய லாபம்.

அளவு என்ற கேள்வி மிச்சமிருந்தது. என்னிடம் ஒலிப்பதிவுகள் நிறைய இருந்தன. தொண்ணூற்று மூன்றில் கல்லூரியில் சேர்ந்தபோது என் பாடப் புத்தகங்களை விடுதி நண்பர்கள் கேசட்டில் வாசித்துக் கொடுத்தார்கள். முகலாயர் காலத்தை வாசிக்கிறவன் நடுவில் கொட்டாவி விடுவான். இன்னொருவன், "இந்தப் பக்கம் பரீச்சைக்கு வராதுடா" என்று தாவிவிடுவான். பின்னால் ஒவ்வொரு கேசட்டாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அவ்வளவையும் வைக்கிற அளவு எஸ்எஸ்டியின் விலை நம் கைக்கு எட்டாது. அதனால் சின்னதாக நூற்றிருபது ஜிபி வாங்கி, கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளை மட்டும் அதில் போடுவது, குரல்கள் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

மனைவியின் ஊர் காணை. அங்கே போகிற வழியில் மறுபடியும் விழுப்புரம் கடைக்குப் போனோம். "இதுக்கு எத்தினி வருசம் கேரண்டி?" என்று மட்டும் கேட்டேன். முகவரி இல்லாததற்கு ஒரு வருஷம், நடுத்தரத்துக்கு மூன்று வருஷம் என்றார். நடுத்தரத்தை வாங்கிக்கொண்டேன்.

காணையிலிருந்து திரும்பி வந்ததும் நாங்களே மாட்ட உட்கார்ந்தோம். பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில் இருந்த காலி இடம் பெரிது, புதியது சின்னது. திருகாணி எட்டவில்லை.

"சோப்பு டப்பா மாதிரி ஆடிக்கினு கெடக்குதுங்க."

"ஆடட்டும். உள்ள ஓடற சாமான் ஒண்ணும் இல்ல. ஒட்டி வெச்சாலே போதும்."

சுவரில் கொக்கி ஒட்டுகிற இரட்டைப் பக்க டேப்பால் அதை ஒட்டினாள். அடுத்து கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளை ஏற்ற வேண்டும். அந்த வேலை முடியும்வரை எனக்குப் படித்துச் சொல்லும் குரல் இருக்காது. அவள்தான் திரையைப் படித்தாள். எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்று அது கேட்டது.

"ரெண்டு காட்டுதுங்க. ஒண்ணு பெரிசு. இன்னொண்ணு நூத்திப் பதினொண்ணுன்னு போட்டுக்கினு இருக்குது. நூத்தி இருவதுதானே வாங்கனோம்? மீதி ஒம்பது எங்க போச்சி?"

கம்பெனிகள் ஜிபியை ஒரு விதமாகவும் கம்ப்யூட்டர் வேறு விதமாகவும் கணக்குப் போடுகின்றன என்று படித்திருந்தேன். அதைச் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. மௌஸ் சத்தமும் கேட்கவில்லை.

"உங்க சிநேகிதங்க பேசறதெல்லாம் எதுல இருக்குது?"

"பெரிசுல."

"நான் தப்பா அமுக்கிட்டா?"

"அழிஞ்சிடும்."

"அப்ப நான் அமுக்கமாட்டேன்."

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு தவறான அழுத்தலில் இருபது வருஷத்துக் குரல்கள் போய்விடும். கம்ப்யூட்டரை நிறுத்தினோம். பழைய டிஸ்க்கின் ஒயரைத் தடவிக் கண்டுபிடித்துக் கழற்றினேன். மறுபடி தொடங்கினோம்.

"இப்ப ஒண்ணே ஒண்ணுதான் காட்டுது" என்றாள். குரலில் தெம்பு வந்திருந்தது. அமுக்கிவிட்டாள்.

எல்லாம் ஏறி, என் மென்பொருளையும் போட்டு முடித்த பிறகு, பழைய டிஸ்க்கின் ஒயரை மாட்டுவதற்கு முன்னால் ஒருமுறை இயக்கிப் பார்த்தேன். பட்டனை அழுத்திவிட்டு வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்தேன். இரைச்சல் இல்லை. கடகட இல்லை. ஏதோ தவறாக மாட்டிவிட்டோம் என்று நினைத்து, விசிறிக் காற்று வருகிறதா என்று கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை நீட்டினேன். கை அங்கே போய்ச் சேர்வதற்குள் குரல் பேசிவிட்டது.

"வந்துட்டுதா?" என்று கேட்டாள்.

"வந்துட்டுது."

"அதுக்குள்ளயா?"

நிறுத்திவிட்டு இன்னொருமுறை போடச் சொன்னாள். போட்டேன். மூன்றாவது முறை அவளே வந்து அழுத்தினாள். பிறகு உள்ளே எதுவும் சுற்றாமல் அது எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்று கேட்டாள். நான் காப்பி டம்ளர் கதையைச் சொன்னேன். "டம்ளர் சரி, ஆனா ஊத்தினத யாரு புடிச்சிக்கினு நிக்கறது?" என்றாள். அந்தக் கேள்விக்காக இன்னும் ஒரு வாரம் படிக்க வேண்டியிருந்தது.

பள்ளியில் இந்தச் செய்தி பரவியது. கணக்கு ஆசிரியர் தனக்கும் ஒன்று வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்டார். கேரண்டி வருஷத்தைப் பார்க்கச் சொன்னேன், தயாரித்தவரின் முகவரியைப் பார்க்கச் சொன்னேன், பெட்டியில் இருக்கும் வேகத்தை நம்ப வேண்டாம் என்றேன். எட்டு அளவு கதையையும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு விழுப்புரம் போய் அந்த முகவரி இல்லாத மலிவுப் பெட்டியையே வாங்கி வந்துவிட்டார். அதை நம்பி எதையும் வைக்காதீர்கள் என்று எச்சரித்தேன். அவ்வப்போது விசாரிக்கவும் செய்தேன். நான்கு வருஷம் கழித்துக் கேட்டபோதும், "சூப்பரா ஓடிக்கினு இருக்குது சார்" என்றார். முகவரியே இல்லாத அது ஏன் இன்னும் ஓடுகிறது என்று நான் இன்றுவரை படித்துக்கொண்டிருக்கிறேன்.