சட்டிப்பாறை ஏறிய காத்தாயி அம்மாள்

காத்தாயி அம்மாள் காலமான செய்தியை அவருடைய கணவர் வீரப்பன்தான் கொண்டுவந்தார். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, மலாக்கா பட்டணத்தில் நான் மருந்து கலக்கும் கடை வாசலில், தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். "ஐயா, அது போயிடுச்சிங்க. நேத்துதான் எடுத்தோம்," என்றார். நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. "விழுந்துட்டாளா?" என்றுதான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "இல்லீங்கய்யா, சளிக் காய்ச்சல். அஞ்சு நாளு படுத்திருந்துச்சி, அவ்வளவுதான்," என்றார்.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இதற்குள் வேறு கதை கிளம்பியிருக்கும். பாறையிலிருந்து விழுந்தார், சாமி குத்தம் தள்ளிவிட்டது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நம் ஜனங்களுக்குக் கதை கட்டச் சொல்லியா கொடுக்க வேண்டும்? காத்தாயி அம்மாள் ஒருநாளும் பாறையிலிருந்து விழுந்தவர் அல்லர். அவர் வேலை பார்த்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் டிரஸராக இருந்து, அவர் காயத்துக்கு மருந்து போட்டவன் சொல்கிறேன்.

"அவர்" என்று எழுதுகிறேன். தோட்டத்தில் இருந்தபோது நான் கூப்பிட்டது "ஏ காத்தாயி" என்றுதான். டிரஸர் ஒரு பால்வெட்டுக்காரியை வேறு எப்படிக் கூப்பிடுவான்? அன்றைய வழக்கம் அது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு மனம் வரவில்லை.

துறையூர்ப் பக்கம் பிறந்தவர். கல்யாணமான கையோடு வீரப்பனுடன் கப்பலேறி வந்தவர். கூலி ஜனம் குடியிருக்கும் லயத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் காய்ச்சலில் போயின. அது நான் வருவதற்கு முன்பு. நெடிய, ஒல்லியான உடம்பு. கால்விரல்கள் நீளம். அதிகம் பேசமாட்டார், ஆனால் பேசினால் சுருக்கென்று பேசுவார்.

நான் தோட்டத்துக்கு வந்த புதிதில், திங்கட்கிழமை தவறாமல் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வந்து நிற்பார். ஒரு வாரம் முழங்கையில் தோல் உரிந்திருக்கும். ஒரு வாரம் விரல் முட்டிகள் சிராய்ந்திருக்கும். ஒரு வாரம் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்திருக்கும். பால் வெட்டும் உளி கிழித்த காயம் எனக்குத் தெரியும், இது அதுவல்ல. என்னவென்று கேட்டால், "சும்மா செராய்ப்புங்கய்யா, டிஞ்சரு போட்டு விடுங்க," என்பார். டிஞ்சர் பட்டால் மீசை வைத்த ஆண்பிள்ளைகள் லயம் அதிரக் கத்துவார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு முன்கோபம் உண்டு. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதுவும் தெரியும். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். வீரப்பனை ஆள்விட்டு அழைத்து, "பொம்பளை மேல கை வைக்கிறவன் மனுஷனாடா?" என்று நாலு பேர் முன்னிலையில் கிழித்துத் தொங்கவிட்டேன். அந்த மனிதர் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நான் கத்தி ஓயும்வரை நின்றுவிட்டு அமைதியாகச் சொன்னார்.

"நான் அடிக்கலீங்கய்யா. அது பாறை ஏறுதுங்க."

"என்ன பண்ணுது?"

"பத்தாம் நம்பரு காட்டுக்குப் பின்னால சட்டிப்பாறை இருக்குல்ல, அதுங்க. ஞாயித்துக்கெழமை வெட்டு முடிஞ்சா நேரா அங்க போயிடுது. சொன்னா கேக்கமாட்டேங்குதுலா."

சட்டிப்பாறை என்பது பெயருக்கேற்றபடி கவிழ்த்த சட்டி. ஒரு தென்னை உயரம் இருக்கும். காடு வெட்டித் தோட்டம் போட்டவர்கள் அதை உடைக்க முடியாமல், சுற்றிலும் ரப்பர் கன்றை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோபத்தோடேயே அங்கே போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பாதிப் பாறையில் இருந்தார். சேலையைக் கச்சமாக வரிந்து கட்டியிருந்தார். கத்தினால் பதறி விழுந்துவிடுவாரே என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

கட்டைவிரலால் பாறையைத் தடவி இடம் தேடினார். இடம் கிடைத்ததும் அவசரப்படவில்லை. அந்த ஒரு விரலின்மேல் உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பார்த்தார். அது தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் மற்றக் காலை எடுத்தார். உச்சிக்குப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து, லேடாங் மலையைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார். பிறகு வேறு பக்கமாக இறங்கி வந்தார்.

"மேல என்ன வச்சிருக்கே?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்கய்யா."

"தேன்கூடா? புதையல் கிதையலா?"

சிரித்துவிட்டார். "மேலயும் பாறைதாங்க இருக்கு."

"அப்புறம் எந்த எழவுக்கு ஏறுறே?"

அன்றைக்கு முந்தானையை உதறிக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்துவிட்டார். பிறகு வந்த வருஷங்களில் இதே கேள்வியை நான் விடாமல் கேட்டேன். அவரும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொன்னார். ஒருமுறை, "மேல போனா நீங்க கத்துறது கேக்காதுங்கய்யா," என்றார். இன்னொரு முறை, "கூலிக்குச் செய்யாதது இது ஒண்ணுதானுங்க எங்கிட்ட இருக்கு," என்றார். டிஞ்சர் போட்டுக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, நான் கேட்காமலே சொன்னார்:

"மரம் வெட்டுறப்ப கை பாட்டுக்கு வெட்டுதுங்கய்யா. மனசு சும்மா இருக்குதா? செத்த புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு மரத்துக்கு மரம் அலையுது. பாறையில அது நடக்காது. அடுத்த காலை எங்க வைக்கிறதுன்னு மட்டும்தான் இருக்கும். எறங்குற வரைக்கும் நான் யாருக்கும் ஆத்தா இல்ல."

மருந்துப் பெட்டியில் நான் வைத்திருந்த எதுவும் அந்த நோவுக்கு ஆகாது. அவர் தமக்கு வேண்டியதைத் தாமே கண்டுபிடித்துக்கொண்டவர். ஆளை எது பாறைக்கு இழுக்கிறது என்று இனி யாராவது என்னைக் கேட்டால், என்னிடம் உள்ள பதில் அதுதான்.

நானும் ஒருநாள் ஏறிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு ஆள் உயரம் போயிருப்பேன். முழங்கால் தையல் மிஷின் ஊசி மாதிரி ஆடத் தொடங்கியது. பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். கீழே நின்ற காத்தாயி அம்மாள், "ஐயா, நெஞ்சை எடுங்க. பாறையை அப்படிக் கட்டிப் புடிக்காதீங்க, அது என்ன உங்க பொண்டாட்டியா?" என்று சத்தம் போட்டார். போட்ட பிறகு டிரஸரிடம் என்ன சொல்லிவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் ஆட்டம் நின்றது. அவர் ஒவ்வொரு அடியாகச் சொல்லச் சொல்ல இறங்கி வந்தேன். அதற்குப் பிறகு நான் கீழே நிற்பதோடு சரி. பல ஞாயிற்றுக்கிழமைகள் அப்படி நின்றிருக்கிறேன்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

விஷயம் பெரிய கங்காணி காதுக்குப் போயிற்று. கட்டிய பெண்பிள்ளை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாறை ஏறுவதாவது, நாளைக்கு விழுந்து செத்தால் துரைக்கு யார் பதில் சொல்வது என்று கொதித்தார். புருஷன் பெண்டாட்டி இருவரையும் தம் வீட்டு வாசலுக்கு வரவழைத்தார். சுற்றிலும் லயத்து ஜனம். இனிமேல் பாறையைத் தொடமாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவேண்டும். செய்யாவிட்டால் இருவருக்கும் அந்தத் தோட்டத்தில் வேலை கிடையாது என்றார். ஒரு தட்டில் கற்பூரத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். காத்தாயி அம்மாள் அசையாமல் நின்றார். சத்தியம் செய்தால் அதை மீறுகிறவர் அல்லர் அவர். அந்தத் தட்டைப் பார்த்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை.

உடனே நான் மூக்கை நுழைத்தேன். "கங்காணியாரே, விஷயம் தெரியாமப் பேசாதீங்க. அது வேண்டுதல். பிள்ளை தங்கணும்னு அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு ஏறுது," என்றேன்.

வேண்டுதல் என்ற சொல்லுக்கு என்ன சக்தி என்கிறீர்கள்! கங்காணி துண்டை இடுப்புக்கு இறக்கிவிட்டார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கற்பூரத் தட்டு வந்த வழியே போய்விட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இரண்டே வாரத்தில் சட்டிப்பாறைக்கு மஞ்சள் பூசிவிட்டார்கள். சிவப்புத் துணி கட்டினார்கள், வேப்பிலை செருகினார்கள். கங்காணியே தம் செலவில் சூலம் ஒன்று அடித்துக்கொண்டு வந்து நட்டார். அடுத்த ஞாயிறு காத்தாயி அம்மாள் கச்சம் கட்டிக்கொண்டு வந்தபோது, நாலைந்து பெண்கள் குறுக்கே விழுந்து தடுத்தார்கள். "அம்மா ஒன் வேண்டுதலை ஏத்துக்கிட்டு எறங்கிட்டாடி. இனிமே அவ தலைமேல காலை வைப்பியா நீ?" என்றார்கள்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்க நல்லதுன்னுதான் நெனச்சீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா, ஐயா."

பொய் என்று எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன் என்றேன். மெய்யாகத்தான் சொன்னேன், வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தேன். அவர்தான் விடவில்லை. அதற்குள் பிள்ளை பறிகொடுத்த பெண்கள் நாலு லயத்திலிருந்தும் அங்கே வரத் தொடங்கியிருந்தார்கள். "வந்து அழுவுறாங்கய்யா. வீட்டுல அழுதா புருசன் திட்டுறான், மரத்தடியில அழுதா கங்காணி திட்டுறான். இதுவும் பொய்யின்னுட்டா எங்க போயி அழுவாங்க?" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் அவரே அங்கே விளக்கு வைத்தார். தாம் ஏறிய பாறைக்கு அடியில் நின்று, மற்றவர்களுக்குத் திருநீறு கொடுத்தார்.

அதன்பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கு டிஞ்சர் கேட்டு வரவேயில்லை. வழியில் என்னைக் கண்டால் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு ஒதுங்கிப் போவார். என்மேல் தீராத கோபம் என்று நினைத்தேன். நியாயமான கோபம்தானே. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் பாதிப் பேரைக் கப்பலேற்றி அனுப்பியபோது என் வேலையும் போயிற்று. விடைபெறப் போன அன்றும் கையை மூடிக்கொண்டே, "நல்லாருங்கய்யா," என்றார். ஒரு பெண்ணிடம் இருந்த ஒரே சந்தோஷத்தைப் பிடுங்கிவிட்டோம் என்ற பாரத்தோடுதான் பட்டணத்துக்கு வந்தேன். இத்தனை காலமும் அது என் நெஞ்சில் கிடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை துக்கம் கேட்கப் போனேன். வீரப்பன் எனக்கு ஒரு கோப்பை, பால் விடாத வறக்காப்பி கொடுத்தார். பிறகு, "கொஞ்சம் நடக்கலாங்களாய்யா?" என்றார். சட்டிப்பாறைக்குத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். அதைத் தாண்டிப் போனோம். தோட்டத்து எல்லை முடிந்தது. புதருக்குள் வெகுதூரம் போனோம். அங்கே ஒரு பாறை. சட்டிப்பாறையைவிட உயரம், செங்குத்து, முழுக்கப் பாசி.

"இங்கதாங்கய்யா ஏறுச்சி. சூலம் நட்ட மறு மாசத்துலேருந்து. காய்ச்சல் வர்றதுக்கு முந்தின வாரம் வரைக்கும்."

"அந்தக் கை..." என்றேன்.

"செராய்ப்பு தெரிஞ்சிடும்னுதாங்க ஐயாவைக் கண்டா மூடிக்கும். வீட்டுல மஞ்சளு அரைச்சுப் போட்டுக்கும். ஐயா மனசு கஷ்டப்படுறது தெரிஞ்சுதான் இருந்துச்சி. சொல்லிடலாமான்னு எத்தனையோ தடவை கேட்டேன்." வீரப்பன் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "'டிரஸரு ஐயாகிட்ட மட்டும் மூச்சு விட்டுறாத. தங்கமான மனுசன். கேட்டா ஏதாச்சும் நல்லது பண்ணித் தொலைச்சிருவாரு'ன்னுச்சிங்க."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, அறுபதை நெருங்குகிறவன், வெட்கமில்லாமல் தேம்பித் தேம்பி அழுதேன். அவரிடமிருந்து நான் எதையும் பிடுங்கிவிடவில்லை. பிடுங்க முடிகிற ஆளாக அவர் இருக்கவில்லை.

வீரப்பன் பழக்கதோஷத்தில் மடியிலிருந்து ஒரு கட்டி கற்பூரத்தை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குப் புரிந்தது, திரும்ப மடியிலேயே முடிந்துகொண்டார். ஒரு பூவைக்கூட அங்கே வைக்காமல் நிமிர்ந்து பார்த்தோம். கறுத்த பாசியில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்ந்து வெளுத்த இடங்கள், ஒன்றுக்குமேல் ஒன்றாக, கோணல்மாணலாக, எங்கள் தலைக்குமேல் ஏறிக் கண்ணுக்கு எட்டாத உயரம்வரை போயின.

அந்தப் பாறை எந்தத் திசையில் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். எவ்வளவு தூரம் என்றும் எழுதமாட்டேன். இரண்டு மழை பெய்தால் பாசி அந்த இடங்களை மூடிவிடும்; மூடட்டும். காத்தாயி அம்மா, போய் வாருங்கள். இந்தத் தடவை நான் ஒரு நல்லதும் செய்யப்போவதில்லை.